பழைய தாளை வீசச் சொல்ல எங்களுக்கு யார் உரிமை தந்தது?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

வருகிற தவணை விடுமுறையோடு எங்கள் சனிக்கிழமை ஆட்டத்தின் அடுத்த சுற்று தொடங்குகிறது. அதற்கு முன்னாலேயே வட்ஸ்அப் குழுவில் ஒரு கோரிக்கை வந்துவிட்டது. "பழைய பாத்திரங்கள் எல்லாவற்றையும் வீசிவிட்டுப் புதிய புத்தகத்தின்படி எழுதிக்கொண்டு வர வேண்டும். எழுதாதவருக்கு மேசையில் இடம் இல்லை." கீழே வரிசையாகப் பெருவிரல் அடையாளங்கள்.

நாங்கள் இதை எதிர்க்கிறோம். சும்மா எதிர்க்கவில்லை. 2025 ஆரம்பத்தில் இதே வேலையை நாங்களே செய்தோம். செய்து ஒரு பிள்ளையை இழந்தோம். அதனால்தான் பகிரங்கமாக எழுதுகிறோம்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு முதலில் நாலு வரி. மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு கதாபாத்திரம் இருக்கும். ஒருவர் போர்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூட்டுடைக்கத் தெரிந்தவன். "நான் கதவுக்குப் பின்னால் மறைந்து நின்று கேட்கிறேன்" என்று பிள்ளை சொல்லும். இருபது பக்கக் கட்டையை உருட்டும். விழுந்த எண்ணைப் பார்த்து, கேட்டதா, அகப்பட்டதா என்று நடத்துனர் சொல்லுவார். காசு இல்லை, பந்தயம் இல்லை. ஒருவரை ஒருவர் தோற்கடிப்பதும் இல்லை, எல்லாரும் சேர்ந்துதான் தப்ப வேண்டும். இந்த வகையில் முதலாவது 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. அதிலிருந்து 2009இல் கிளைத்தது 'பாத்ஃபைண்டர்'.

வீட்டில் நாலு பேர் விளையாடினால் விதிச் சண்டை வராது. நடத்துனர் சொன்னதுதான் சட்டம். ஆனால் பொதுத் தொடர் என்று ஒன்று இருக்கிறது. பல ஊர்களில், பல மேசைகளில், ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே விதியின் கீழ் விளையாடுவார்கள். இன்று இந்த மேசையில் விளையாடிய பாத்திரத்தை நாளை முன்பின் தெரியாத இன்னொரு மேசைக்குக் கொண்டுபோகலாம். அதற்காகவே பதிவுத்தாள். எந்தக் கதையை முடித்தது, எத்தனை பொன் கிடைத்தது, எந்த வாள் கிடைத்தது, எந்த லெவலுக்கு ஏறியது எல்லாம் அதில் இருக்கும். பாத்ஃபைண்டர் தொடரில் நடத்துனர் கையொப்பமே வைத்துக் கொடுப்பார்.

பெற்றோர்களே, இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. பிள்ளை பாடசாலை மாறும்போது விடுகைப் பத்திரம் கொண்டுபோகிறதல்லவா? அதுதான் இது. புதிய பாடசாலை அதிபர் அதைப் பார்த்துவிட்டு, "பாடத்திட்டம் மாறிவிட்டது, நீ எட்டாம் வகுப்புப் படித்தது செல்லாது" என்று சொன்னால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? கந்தோர் வாசலில் நிற்க மாட்டீர்களா?

நாங்கள் இதற்குள் வந்தது 2020 ஊரடங்கில். எங்களோடு ஒன்றாகப் பயிற்சி பெற்ற ஒருவர் தொலைபேசித் திரையில் அறிமுகப்படுத்தினார். 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தபோது இணையமும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. அப்போதுதான் ஒரு நண்பர் வீட்டு மேல்மாடியில் மெழுகுதிரி ஏற்றி, பிள்ளைகளைக் கூட்டி, கடதாசியும் பென்சிலும் வைத்து ஆரம்பித்தோம். ஒரு மேசை மூன்று மேசையானது. பிள்ளைகள் மேசை மாறி மாறி விளையாடத் தொடங்கியதும் நாங்களும் ஒரு சின்னப் பொதுத் தொடராகிவிட்டோம். விதித்தாள் எழுதும் அதிகாரமும் எங்கள் கைக்கு வந்தது. அதை எப்படிப் பாவித்தோம் என்பதுதான் இந்தப் பதிவு.

2024 செப்டெம்பரில் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் புதிய விதிப்புத்தகம் வந்தது. அதற்கு முந்திய புத்தகம் 2014க்குரியது. புதியதில் நல்ல திருத்தங்கள் பல இருந்தன. நாங்கள் உற்சாகப்பட்டு, 'அடுத்த மாதத்திலிருந்து எல்லாரும் புதிய விதி' என்று ஒரு வரிச் செய்தி போட்டோம்.

எங்களிடம் ஒரு தம்பி இருந்தான். பெயர் வேண்டாம். அவனுடைய பாத்திரம் ஒரு பாலடின், சத்தியம் செய்து வாளெடுத்த வீரன். லெவல் ஆறு. இரண்டு வருட உழைப்பு. தாள் நாலாக மடித்து மடித்துக் கிழிந்து, பின்பக்கம் செலோடேப் ஒட்டியிருந்தது. உயிர்ப்புள்ளியை அழித்து அழித்து எழுதி அந்த இடத்தில் கடதாசியே ஓட்டையாகிவிட்டது. பாத்திரத்தின் இனம் அரை-எல்ஃப். தாய் காட்டில் வாழும் எல்ஃப் இனம், தகப்பன் மனிதன். 2014 புத்தகத்தில் அந்த இனம் இருக்கிறது. 2024 புத்தகத்தில் இல்லை.

நாங்கள் சொன்னோம்: "புதுப் புத்தகத்தில் அரை-எல்ஃப் இல்லை தம்பி. ஒன்று மனிசன் என்று எழுது, இல்லாட்டி எல்ஃப் என்று எழுது."

அவன் கேட்டான்: "இவன்ட உம்மா எல்ஃப், வாப்பா மனிசன். இப்ப நான் யாரை விடணும் சேர்?"

நாங்கள் சிரித்தோம். "பேப்பர்தானே" என்றோம்.

அடுத்த கிழமை மனிதன் என்று எழுதிய புதிய தாளோடு வந்தான். அழகான கையெழுத்து, ஒரு பிழை இல்லை. இரண்டு சனிக்கிழமை விளையாடினான். பிறகு வரவில்லை. ஏன் என்று கூட்டாளியிடம் கேட்டதற்கு, "அது வேற ஆள் என்றான்" என்று பதில் வந்தது.

இதைவிட வெட்கம் என்ன தெரியுமா? பிறகு அந்தப் புதிய புத்தகத்தை ஒழுங்காக வாசித்தோம். பழைய புத்தகத்து இனங்களை எப்படிப் புதிய விதியோடு பாவிப்பது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. முன்பு திறன் எண்களில் கூடுதல் புள்ளி இனத்தால் வந்தது, இப்போது பாத்திரத்தின் பின்னணியால் வருகிறது. ஆகவே பழைய இனத்தின் அந்தக் கூடுதலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். கால் மணித்தியால வேலை. புத்தகம் திறந்து வைத்த கதவை நாங்கள் பூட்டினோம். விதியை எழுதியவனைவிட விதியைக் காவல் காப்பவன் கடுமையாக இருப்பது எங்கள் நாட்டு அலுவலகங்களில் மட்டும் உள்ள வியாதி இல்லை. அது எங்களுக்குள்ளும் இருந்தது.

சரி, வெளியுலகப் பொதுத் தொடர்கள் இதை எப்படிக் கையாண்டன? தேடிப் பார்த்தோம். அங்கேயும் எங்கள் பிழையைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். திருந்தியவர்களும் இருக்கிறார்கள்.

'லிவிங் கிரேஹோக்' என்ற தொடர் 2000 முதல் 2008 வரை நடந்தது. உலக நாடுகளுக்கும் அமெரிக்க மாநிலங்களுக்கும் கற்பனை உலகின் நிலப்பகுதிகள் பங்கிடப்பட்டிருந்தன. ஒவ்வொரு பகுதியின் கதையையும் அங்கிருந்த தொண்டர்கள் எழுதினார்கள். 2003இல் தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே விளையாட்டு மூன்றாம் பதிப்பிலிருந்து 3.5க்கு மாறியது. காட்டு வழி தெரிந்த ரேஞ்சரின் உயிர்ப்புள்ளிக் கட்டை பத்துப் பக்கத்திலிருந்து எட்டுப் பக்கமாகக் குறைந்தது, பதிலுக்குத் திறன் புள்ளிகள் கூடின. 'ஹேஸ்ட்' என்ற வேக மந்திரம் ஒருவரைத் தூக்கி விடுவதிலிருந்து குழுவுக்கே உதவுவதாக மாறியது. பாத்திரங்கள் மாற்றி எழுதப்பட்டன, ஆனால் அதே பாத்திரங்கள் அதே கதையைத் தொடர்ந்தன. 2008இல் நாலாம் பதிப்பு வந்தபோது வித்தியாசம் மிகப் பெரிது. அந்தத் தொடரை முடித்துவிட்டு, 'லிவிங் ஃபொர்கொட்டன் ரெல்ம்ஸ்' என்று வேறொன்றைத் தொடங்கினார்கள். முடிந்தது முடிந்தது என்று சொன்னார்கள். அதிலும் ஒரு நேர்மை இருக்கிறது. உன் ஆள் ஓய்வு பெறுகிறான், அவனை வேறொருவனாக மாற்ற மாட்டோம் என்பது அதன் அர்த்தம்.

பாத்ஃபைண்டர் சொசைட்டி 2019இல் இரண்டாம் பதிப்புக்குப் போனபோதும் அப்படித்தான். பழைய பாத்திரம் புதிய தொடருக்கு வராது. ஆனால் பழைய கதைகளைப் பழைய விதியில் விளையாட வழி இருந்தது. அதே அமைப்பு 2015இல் செய்த ஒன்று எங்களுக்கு மிகவும் பிடித்தது. 'சம்மனர்' என்ற வகுப்பு அளவுக்கு மீறிப் பலமாக இருந்ததால் திருத்திய வடிவம் ஒன்று வந்தது. இனிப் புதிதாகத் தொடங்குபவர் திருத்திய வடிவத்தையே எடுக்க வேண்டும் என்றார்கள். ஏற்கெனவே பழைய வடிவத்தில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் தொடரலாம் என்றார்கள். கதவைப் பூட்டினார்கள், உள்ளே இருந்தவனை வெளியே தள்ளவில்லை.

இனி மறுபக்கம். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் பொதுத் தொடரான 'அட்வென்சரர்ஸ் லீக்' 2014இல் தொடங்கியது. 2018இல் எட்டாவது பருவத்துக்காகக் கணக்கு முறையையே மாற்றினார்கள். அனுபவப் புள்ளி போய், விளையாடிய நேரத்துக்கு ஏற்ற புள்ளி வந்தது. புதையலுக்கும் தனிப் புள்ளி. கதையில் பெட்டியைத் திறந்து பொன்னைக் கண்டாலும் அந்தப் பொன் உன் தாளில் ஏறாது. லெவல் ஏறும்போதுதான் பொன் கிடைக்கும். ஓடிக்கொண்டிருந்த பாத்திரங்களும் இந்தக் கணக்குக்கு மாற வேண்டி வந்தது. விளையாடுபவர்கள் கொதித்தார்கள். அடுத்த வருடமே அந்த முறை கைவிடப்பட்டது. ஆனால் இடையில் ஒருமுறை மாற்றி எழுதியவன் மறுபடியும் மாற்றி எழுதினான். அந்த நேரத்தை அவனுக்கு யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

2024 ஆகஸ்டில் நடந்தது இன்னும் நல்ல உதாரணம். 'டி அன்ட் டி பியோண்ட்' என்ற இணையத் தளத்தில் இலட்சக்கணக்கானவர்கள் தங்கள் பாத்திரத் தாளை வைத்திருக்கிறார்கள். அந்தத் தாள்களில் உள்ள பழைய மந்திரங்களும் மந்திரப் பொருட்களும் புதிய விதிக்குத் தானாக மாறும் என்று அறிவித்தார்கள். பழையது வேண்டுமென்றால் சொந்தத் தயாரிப்பாகக் கையால் எழுதிக்கொள்ளலாமாம். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் உள்ளதை நீயே திரும்ப எழுது என்பது! எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அவ்வளவு பெரிய நிறுவனம் பின்வாங்கலாம் என்றால் மூன்று மேசை வைத்திருக்கும் நாங்கள் பின்வாங்குவதில் என்ன கௌரவக் குறைச்சல்?

இனி, பெருவிரல் போட்டவர்களின் நியாயங்களுக்கு வருகிறோம்.

"எல்லாருக்கும் ஒரே விதி இருந்தால்தானே நீதி?" என்று கேட்கிறீர்கள். பாதி சரி. பழைய பாலடின் ஒரே சுற்றில் இரண்டு அடி அடித்தால் இரண்டிலும் தன் தெய்வீக அடியைச் சேர்க்கலாம். புதிய விதியில் அது ஒரு சுற்றில் ஒருமுறைதான். ஒரே மேசையில் பழையவன் இரட்டை அடி அடிக்க, பக்கத்தில் புதியவன் ஒற்றை அடியோடு உட்கார்ந்திருப்பது நியாயமில்லை. ஒத்துக்கொள்கிறோம். அந்தத் தம்பியின் பாலடினும் அந்த விஷயத்தில் மாறத்தான் வேண்டும். அதற்கு அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவும் இல்லை.

ஆனால் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பாதீர்கள். வாள் எப்படி வெட்டுகிறது, மந்திரம் எவ்வளவு தூரம் பாய்கிறது என்பது விதியின் சொத்து. விதியை எழுதுபவர் அதை மாற்றலாம். அந்தப் பாத்திரம் யார், எங்கிருந்து வந்தது, எதைச் சம்பாதித்தது என்பது விளையாடியவனின் சொத்து. அதில் யாரும் கை வைக்க முடியாது. அரை-எல்ஃப் பக்கத்தில் இருந்ததால் எந்தப் பிள்ளைக்கு என்ன அநியாயம் நடந்தது? ஒன்றும் இல்லை. எங்கள் அட்டவணை அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக அவனுடைய உம்மாவையோ வாப்பாவையோ அழிக்கச் சொன்னோம்.

"புதியது நல்லது, பழையதைப் பிடித்துக்கொண்டு ஏன் இருக்க வேண்டும்?" என்று இன்னொருவர். புதிய புத்தகம் 2024இல் வெளிவந்தபோது அதன் விலை 49.99 டொலர். அப்போது எங்கள் காசுக்கு ஏறக்குறைய 15,000 ரூபா, அனுப்பும் செலவும் வரியும் தனி. சனிக்கிழமை பஸ்ஸுக்குக் காசு எண்ணிக் கொண்டுவரும் பிள்ளையிடம் புதுப்பித்து வா என்று சொல்வதற்கு முன்னால் இதை யோசித்தோமா? 2025 ஏப்ரலில் புதிய விதிகளின் ஒரு பெரிய பகுதி எவரும் இலவசமாகப் பாவிக்கக்கூடிய உரிமத்தில் வெளிவந்திருக்கிறது. ஆகவே புத்தகம் வாங்கு என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

"சும்மா ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு சத்தமா?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் சின்னது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் இந்த மேசையில் நாலு பேரை வழிநடத்தியதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். உழைத்துச் சேர்த்ததைப் பெரியவர்கள் ஒரு வரிச் செய்தியில் இல்லாமலாக்கலாம் என்ற பாடத்தையும் அதே மேசையில் படிப்பித்தோம். எந்தப் பாடம் அதிக நாள் மனதில் நிற்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் சொல்வதை வைத்து, "அப்படியென்றால் என் பாத்திரத்தை நான் நினைத்த நேரம் நினைத்தபடி மாற்றுவேன்" என்று கிளம்பாதீர்கள். போன கிழமை பூட்டுடைத்தவன், இந்தக் கிழமை கதையில் நெருப்பு தேவை என்று கேள்விப்பட்டதும் மந்திரவாதியாக வந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறோம். பெயர் மட்டும் அதே பெயர். அது புதுப்பித்தல் இல்லை, ஆள்மாறாட்டம். அப்படி நடந்தால் மற்றவர்கள் ஒரு தெரிவைச் செய்து அதன் விளைவோடு வாழ்ந்ததற்கு என்ன மதிப்பு?

இதற்கும் நல்ல எல்லைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அட்வென்சரர்ஸ் லீக் நெடுங்காலமாக ஐந்தாம் லெவலில் விளையாடும் வரை பாத்திரத்தைத் தாராளமாக மாற்றிக் கட்ட விட்டது. பாத்ஃபைண்டர் சொசைட்டியின் முதல் தொடரில் அந்த எல்லை இரண்டாம் லெவல். உயர்தரத்தில் முதல் கிழமைகளில் வர்த்தகப் பிரிவிலிருந்து கலைப்பிரிவுக்கு மாற விடுகிறோம், பரீட்சைக்குக் கிட்ட வந்து கேட்டால் விடமாட்டோம். அதே நியாயம்தான். பழகிப் பார்க்கும் காலத்தில் மாற்றலாம். பிறகு உன் தெரிவு உன்னோடு வரும். ஆனால் நீ மாறாமல் விதி மாறினால் கதை வேறு. அப்போது கடன் விதியை மாற்றியவனுடையது.

ஆகவே அடுத்த சுற்றுக்கு எங்கள் பிரேரணைகள்:

1. விதி மாற்றம் எதுவானாலும் ஒரு முழுத் தவணைக்கு முன்னால் அறிவிக்க வேண்டும். வட்ஸ்அப்பில் ஓடி மறையும் செய்தியாக இல்லாமல், மேல்மாடிச் சுவரில் ஒட்டிய ஒரே தாளில் இருக்க வேண்டும்.

2. சம்பாதித்தது சம்பாதித்ததுதான். லெவல், பொன், பொருள், பதிவுத்தாள் எதுவும் குறையாது.

3. புதிய புத்தகத்தில் இல்லாத இனமோ வகுப்போ ஏற்கெனவே ஒருவரிடம் இருந்தால் அது அவரிடமே இருக்கும். புதிதாகத் தொடங்குபவர் மட்டும் புதிய பட்டியலிலிருந்து தெரிவு செய்வார்.

4. ஒரு சக்தி வேலை செய்யும் விதம் மாறினால் எல்லாருக்கும் ஒரே நாளில் மாறும். அதனால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தடவை முழுமையான மீளக்கட்டல் இலவசம். தவணை முடியும் வரை அவகாசம். பெயரும் லெவலும் கதையும் அப்படியே இருக்கும்.

5. லெவல் ஐந்தில் விளையாடும் வரை எவரும் மாற்றிக் கட்டலாம். அதன்பின் நாலாவதில் சொன்ன காரணம் இருந்தால் மட்டும்.

6. எவரும் புத்தகம் வாங்கத் தேவையில்லை. மேசைக்கு ஒரு பிரதி நாங்கள் வைப்போம். மாற்றி எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைகளோடு நாங்களே உட்கார்ந்து எழுதிக் கொடுப்போம்.

7. பழைய தாளை எவரும் வீசக் கூடாது. புதிய தாளின் பின்னால் இணைத்து வைக்க வேண்டும். பின்னர் சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு அதுதான் சாட்சி.

8. இனி விதித்தாளை நாங்கள் மட்டும் எழுத மாட்டோம். பிள்ளைகளில் இருவர் எங்களோடு உட்காருவார்கள். அவர்கள் இருவரும் வேண்டாம் என்றால் அந்த மாற்றம் நிற்கும்.

எட்டாவதுக்குத்தான் அதிக எதிர்ப்பு வரும் என்று தெரியும். "பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?" என்பீர்கள். நாங்கள் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தும் புத்தகத்தில் இருந்த ஒரு பத்தியை வாசிக்கத் தவறினோம். அந்தத் தம்பி ஒரே கேள்வியில் பிழையைச் சுட்டிக் காட்டினான். யாருக்கு என்ன தெரியும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கடைசியாக அவனுக்கு. தம்பி, நீ இதை வாசிப்பாய் என்று நம்புகிறோம். உன்னிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு வருவோம். ஆனால் எல்லார் முன்னாலும் சிரித்தோம், ஆகவே எல்லார் முன்னாலும் சொல்கிறோம்: பிழை எங்களுடையது. செலோடேப் ஒட்டிய உன் பழைய தாளை அன்றைக்கு நீ மேசையிலேயே விட்டுப் போனாய். அது எங்கள் கோவையில் பத்திரமாக இருக்கிறது. லெவல் ஆறு, அரை-எல்ஃப், நீ எழுதியபடியே. திறன் எண்களில் கொஞ்சம் திருத்த வேண்டும். கால் மணித்தியாலம் போதும், சேர்ந்து செய்வோம்.

மற்றவர்களே, எட்டுப் பிரேரணையில் எது பிழை என்று இலக்கம் போட்டுக் கீழே எழுதுங்கள். வெறும் பெருவிரல் போதாது, காரணம் வேண்டும். வருகிற சனிக்கிழமை பின்நேரம் மேல்மாடியில் கூடுகிறோம். அதுவரை எவரும் எந்தத் தாளையும் வீசாதீர்கள்.